முடியாத இடைவேளை

ஞாயிற்றுக்கிழமை காலையில் விட்ட இடைவேளை, புதன்கிழமை காலை வரைக்கும் முடிந்தபாடில்லை.

சினிமாக் கொட்டகையாக இருந்திருந்தால் ஜனங்கள் நாற்காலியை உடைத்திருப்பார்கள். இது வீடு. அதிலும் ஒரு மனநல ஆலோசகரின் வீடு. ஆகவே மூன்று பேரும் முகத்தில் பதவிசான அமைதியுடன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பேச்சு சூடாகிறது என்று யாருக்குத் தோன்றினாலும் "இடைவேளை" என்று சொல்லலாம். சொன்ன மாத்திரத்தில் எதிராளி வாயை மூடிக்கொள்ள வேண்டும். பின்னாலேயே போய்க் கதவைத் தட்டக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. பேச்சை மறுபடி ஆரம்பிக்கும் உரிமை இடைவேளை கேட்டவருக்கு மட்டும்தான்.

சட்டம் போட்டவள் அம்மா. மகளுக்குப் பன்னிரண்டு வயதில், ஓர் இரைச்சலான சண்டைக்கு மறுநாள், இதே சமையலறை மேஜையில் உட்கார்ந்து போட்டாள். அதைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறாள்.

அவளை எல்லோரும் டாக்டரம்மா என்கிறார்கள். அவள் டாக்டர் இல்லை. மாத்திரை எழுதித் தர அவளுக்கு அதிகாரம் கிடையாது, பேசித்தான் சரிசெய்வாள். "நான் டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ஞாயிறன்று டாக்டரம்மா கணவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வியாழக்கிழமை ஆனா வாலு எங்கதான் போறா?"

கணவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "இடைவேளை" என்றார். அத்தோடு சரி.

வாலு என்பது மகள். சின்ன வயதில் பண்ணாத சேட்டை கிடையாது. பெயர் மட்டும் மிச்சம். இப்போது வயது இருபத்துமூன்று. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க யார் யாருடைய பல்லுக்கோ நிறம் பொருத்துகிறவள், வீட்டில் வாய் விட்டுச் சிரித்து மாதக்கணக்கு ஆகிறது.

"இன்னொரு துண்டு வேணுமா?" என்றாள் டாக்டரம்மா.

"வேணாம்மா."

"ராத்திரி சரியா தூங்கலையா? கண்ணு வீங்கியிருக்கு."

"தூங்கினேன்."

டாக்டரம்மா மூச்சை மெல்ல இழுத்து விட்டாள். "உனக்கு எப்போ பேசணும்னு தோணுதோ, அப்போ நான் இருக்கேன். அவசரமே இல்ல."

வாலு கத்தியைத் தட்டில் வைத்தாள். "அந்தக் குரல் வேணாம்."

"எந்தக் குரல்?"

"கிளினிக் குரல். பஞ்சு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி ஒரு குரல் வச்சிருக்கியே, அது."

அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. தெய்வமே நேரில் வந்த மாதிரி அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க. லிப்ட் கீழ விழாதுங்க. கதவை மட்டும் நீங்களா இழுக்காதீங்க. இதோ வந்துட்டேன், வர்ற வரைக்கும் என்கூடப் பேசிக்கிட்டே இருங்க."

லிப்ட் பழுதுபார்ப்பவர் அவர். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் எத்தனை நேரமானாலும் பேசுவார். மனைவி ஒரு கேள்வி கேட்டால் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுவார். இன்றும் அப்படியே ஓடினார். அவருக்குப் பின்னாலேயே வாலுவும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மா படுக்கையறைக்குப் போனாள். மனசு நிலைகொள்ளாமல் தவித்தது. இப்படித் தவிக்கிறவர்களுக்கு அவள் ஒரு பயிற்சி சொல்லித் தருவாள். கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். கண்ணில் படும் ஐந்து பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

ஊன்றினாள். முதலில் கண்ணில் பட்டது அலமாரியின் மேல்தட்டு. அங்கே எப்போதும் இருக்கும் பெரிய பெட்டியைக் காணோம். அது இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் நீள்சதுரமாகத் தெரிந்தது.

இரண்டாவது பொருளுக்கு அவள் போகவே இல்லை.

கணவர் எங்கும் வெளியூர் போகவில்லை. அவளும் போகவில்லை. அப்படியானால் பெட்டி யாருக்கு? கேட்கலாம். ஆனால் வாலுவைப் பற்றிய பேச்சு இடைவேளையில் இருக்கிறது. தானே போட்ட சட்டத்தைத் தானே மீறினால் அப்புறம் மரியாதை என்ன இருக்கிறது?

கிளினிக்கில் முதல் ஆள் ரொட்டிக்கடைக்காரர். வரும்போதே குறையோடு வந்தார்.

"நீங்க சொன்ன மாதிரி மூச்சைக் கவனிச்சேன் டாக்டரம்மா. கவனிக்கக் கவனிக்க மூச்சே வரமாட்டேங்குது. அதுபாட்டுக்கு வந்துக்கிட்டிருந்ததையும் கெடுத்துட்டீங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, மூச்சை விட்டுடுங்க. வீட்டுல எப்படி இருக்கு?"

அவர் தம்பியைப் பற்றிச் சொன்னார். கடையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதை, தான் பதில் பேசாமல் வந்ததை, இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்காததை எல்லாம் சொன்னார். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மனசு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

"சரி, உங்க தம்பி என்னதான் சொல்றார்?" என்று கேட்டாள்.

அவர் விழித்தார். "இவ்வளவு நேரம் அதைத்தானே சொன்னேன்?"

அவளுக்கு முகம் சுட்டது. மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லவைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

புதன்கிழமை மதியம் ஆலோசகர்கள் மூன்று பேர் கூடுவது வழக்கம். கல்லூரியில் உளவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற புரொபசரின் அறையில் சந்திப்பார்கள். தன்னிடம் வருகிறவர்களில் யாருடைய சிக்கல் பிடிபடவில்லையோ, அதை ஒருவர் சொல்வார். மற்ற இருவரும் யோசனை சொல்வார்கள். பெயர் வெளியே வரக் கூடாது. பெண்ணை ஆணாக்கலாம், தொழிலை மாற்றலாம், வயதைக் கூட்டலாம்.

"பெத்த தாயே பக்கத்துல உட்கார்ந்து கேட்டாலும் அடையாளம் தெரியக் கூடாது" என்று புரொபசர் வாராவாரம் சொல்வார். இன்றும் சொல்லிவிட்டுத்தான் தேநீரை ஊற்றினார்.

மூன்றாவது ஆள் புதுசு. போன மாதம்தான் சேர்ந்தாள். ஊரின் மறுகோடியில் கிளினிக் வைத்திருக்கும் இளம்பெண். எந்தச் சீப்புக்கும் அடங்காத முடி என்பதால் சுருட்டை என்று பெயர் வந்துவிட்டது. இன்று அவள் முறை.

"ஒரு பையன் அக்கா. அம்மா டீச்சர்னு வச்சுக்குங்க. வீட்டுல அடி இல்ல, திட்டு இல்ல, யாரும் குரலை உசத்த மாட்டாங்க. ஆனா அவனுக்கு அங்க மூச்சு முட்டுது. எங்க அம்மாகூட ஒரே ஒரு தடவை நல்லா சண்டை போடணும், அது போதும்ங்கறான்."

"போட வேண்டியதுதானே?" என்றார் புரொபசர்.

"போட முடியலையாம். என்ன சொன்னாலும் அந்தம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கறாங்களாம். தலகாணியில குத்துற மாதிரி இருக்குங்கறான். இப்போ வீட்டை விட்டுத் தனியா போக முடிவு பண்ணிட்டான். அப்பாவுக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லாமலே போயிடலாமான்னு கேக்கறான். நான் என்ன சொல்றது?"

காலையிலிருந்து டாக்டரம்மாவுக்குள் அலைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றுக்கு, இறங்க ஓர் இடம் கிடைத்துவிட்டது.

"எனக்கு அந்த டீச்சரம்மா மேலதான் கோபம் வருது," என்றாள். "அவங்க பொறுமைசாலி ஒண்ணும் இல்ல. தான் நல்லவளா இருக்கணும்ங்கறதுக்காகக் கோபத்தை எல்லாம் பிள்ளை தலையில கட்டிட்டாங்க. வீட்டுல ஒருத்தர் கோபமே படமாட்டேன்னு உட்கார்ந்துட்டா, மத்தவங்க எல்லாம் கெட்டவங்களாத்தானே தெரியணும்?"

"அப்போ அவன்?"

"போகட்டும். விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்கணும்னு அவசியமே இல்ல. சொன்னா அந்தம்மா அதையும் கேட்டுக்கிட்டு, உன் உணர்வு எனக்குப் புரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அவன் கால் அங்கயே நின்னுடும். பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பச் சொல்லு."

புரொபசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னைக்குக் கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கே?"

"உள்ளதைச் சொன்னேன் சார்."

சுருட்டைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கரெக்டா சொன்னீங்க அக்கா. நாளைக்கு வர்றான். தைரியமா கிளம்புன்னு சொல்லிடறேன். பாவம், அந்த வீட்டுல விசித்திரமான ஒரு சட்டம் வேற. பேச்சு முத்திச்சுன்னா யாராவது ஒருத்தர் இடைவேளைன்னு சொல்லிடணுமாம். சொல்லிட்டா மத்தவங்க அதைப் பத்தி வாயே திறக்கக் கூடாதாம்."

டாக்டரம்மாவின் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்டுல பாதிப் பேச்சு இன்னும் இடைவேளையிலயே நிக்குதுங்கறான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு. போற நாள்கூட முடிவு பண்ணிட்டான் அக்கா, வர்ற..."

"நிறுத்து."

சுருட்டை நிறுத்தினாள்.

"எந்த நாள்னு சொல்லாத. இதை நான் கேட்டிருக்கவே கூடாது."

சுருட்டைக்குப் புரியவில்லை. புரொபசரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் எல்லாத்தையும் மாத்தித்தானே..."

"நல்லாத்தான் மாத்தியிருக்க. உன்மேல தப்பே இல்ல."

டாக்டரம்மா எழுந்தாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். நான் சொன்ன யோசனையைத் தூக்கிக் குப்பையில் போடு என்று சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் யாரோ பெற்ற பிள்ளைக்கு அது நல்ல யோசனையாக இருந்தது. தான் பெற்ற பிள்ளை என்றதும் கெட்டுப்போய்விடுமா? இப்போது அதைத் திருப்பி வாங்கினால், கேட்பது ஆலோசகர் அல்ல, அம்மா. அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். குடையை அங்கேயே விட்டு வந்தது தெருமுனையில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

மதியத்துக்கு மேல் வர இருந்தவர்களை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி கிளினிக்குக்குப் போன் போட்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பஸ் வந்தது, ஏறத் தோன்றவில்லை. நடந்தாள். நடக்கும்போது பாதம் தரையில் படுவதை மட்டும் கவனி என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! பாதமாவது தரையாவது. என் பிள்ளை போகப்போகிறாள், என்னிடம் சொல்லாமல் போகப்போகிறாள் என்பதைத் தவிர வேறெதுவும் அவள் மனசில் ஏறவில்லை.

வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை. அந்த அறையில் கேட்டதை வீட்டில் சொன்னால், வாலு நம்பிப் போய்ப் பேசிய ஒரே இடமும் பாழாகும். சொல்லாமல் இருந்தால், தெரிந்துகொண்டே தெரியாதவள் மாதிரி நடிக்க வேண்டும். பெட்டி மட்டும்தான் அவள் கண்ணால் பார்த்தது. அதைக் கேட்கலாம். கேட்கவிடாமல் தடுப்பது அந்தச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசி யார்?

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. கணவர் குளித்துவிட்டு வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படுக்கையறையில், கட்டில்மேல், விரிப்பின் நடுவே ஈரத் துண்டு.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கேதான் கிடக்கிறது அந்தத் துண்டு.

"எத்தனை வருஷமா சொல்றேன்!" என்று ஒரு குரல் எழுந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்க, போடாதீங்கன்னு எத்தனை வருஷமா சொல்றேன்!"

கணவர் பேப்பரோடு எழுந்து நின்றுவிட்டார். "நீ சொன்னதே இல்லையே?"

"சொன்னதில்லையா? சரி, இப்போ சொல்றேன்! எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

வாசலில் வாலு. சட்டைக் கையில் அச்சு மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. "யாருப்பா கத்தறது? டிவியா?"

"நான்தான்டி கத்தறேன்."

கணவர் பழக்க தோஷத்தில், "இடை..." என்று ஆரம்பித்தார்.

"அந்த வார்த்தை உங்க வாயில வந்துச்சு, அப்புறம் பாருங்க! சட்டம் இன்னையோட ரத்து. போட்டவ நான், எடுக்கறவளும் நான். அலமாரி மேல இருந்த பெட்டி எங்க?"

கணவர் மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். யாரோ புது ஆள் வீட்டுக்குள் வந்து நிற்பதைப் போலப் பார்த்தாள்.

"என் ரூம்ல," என்றாள் வாலு. "கட்டிலுக்குக் கீழ."

"எதுக்கு?"

"தனியா போறேன்மா. வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்கேன். சனிக்கிழமை போறேன்."

"என்கிட்ட சொல்லாமயா?"

"சொன்னா நீ புரிஞ்சுக்குவ. அதனாலதான் சொல்லல."

"புரியல! எனக்கு ஒரு மண்ணும் புரியல! பெத்தவகிட்ட சொல்லாம பெட்டியை இறக்கினா வயிறு எரியாதா?"

வாலுவின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தால், சிரிப்பு வந்தது. "அம்மா, கத்தினா உனக்கு மூக்கு சிவக்குது."

"பேச்சை மாத்தாத!"

"நான் மாத்தறேனா? நீ மாத்தினதை எல்லாம் சொல்லவா? எனக்கு ஆறு வயசுல, ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில கொடுத்து, அதைப் பாரு, அதை மோந்து பாருன்னு பத்து நிமிஷம் உட்கார வச்சியே!"

"அது கவனப் பயிற்சி!"

"எனக்குப் பசிம்மா!"

"நான் என்னோடதை அப்பவே முழுங்கிட்டேன்," என்றார் அப்பா. இருவரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்து, "நீங்க சும்மா இருங்க" என்றார்கள். அதில் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குக் கண்ணீரும் சேர்ந்து வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வாலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உன்கிட்ட இன்னும் ஒண்ணு சொல்லணும்மா" என்று ஆரம்பித்தாள். அப்போது அவளுடைய போன் சிணுங்கியது.

எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை படித்தாள், மறுபடி படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்னடா?" என்றார் அப்பா.

"நான் ஒரு கவுன்சலர்கிட்ட போறேன்மா. வியாழக்கிழமை வியாழக்கிழமை. இப்போ அதைத்தான் சொல்ல வந்தேன்." வாலுவின் குரல் தட்டையாக இருந்தது. "நாளைக்கு வரவேணாம்னு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. இனிமே என்னைப் பார்க்க முடியாதாம். வேற ஒருத்தர்கிட்ட அனுப்பறாங்களாம். காரணம் சொல்லக் கூடாதாம்."

டாக்டரம்மா மனசுக்குள் சுருட்டையைத் திட்டினாள். ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா இந்தப் பெண்?

வாலு தலை நிமிர்ந்தாள். "இத்தனை வருஷத்துல நீ கத்தினது இன்னைக்குத்தான். அவங்க என்னை வேணாம்னு சொல்றதும் இன்னைக்குத்தான். என்னம்மா பண்ணின?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். சுலபம். அதைவிடச் சுலபமான சொல் ஒன்று நாக்கு நுனியில் நின்றது. இத்தனை வருடம் அந்த வீட்டைக் காப்பாற்றிய அதே சொல். டாக்டரம்மா அதை விழுங்கினாள்.

அவள் வாய் திறக்கத் தாமதித்த அந்தக் கொஞ்ச நேரம் வாலுவுக்குப் போதுமானதாக இருந்தது. விறுவிறுவென்று அறைக்குள் போனாள். கட்டிலுக்கடியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. கையில் பெட்டியோடு வந்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே போறேன்."

"பதறாதீங்க, ரெண்டு பேரும் பதறாதீங்க," என்றார் அப்பா, லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் குரலில்.

டாக்டரம்மா வழியை மறிக்கவில்லை. ஒதுங்கி நின்றாள். "போ. ஆனா கேட்டுட்டுப் போ. கேட்டா இன்னும் கோபம்தான் வரும். பரவாயில்ல."

வாலு நின்றாள்.

"மத்தியானம் ஒருத்தங்க ஒரு பிள்ளையைப் பத்தி யோசனை கேட்டாங்க. பேர் சொல்லல, ஆளை மாத்தித்தான் சொன்னாங்க. அவங்க மேல தப்பு இல்ல. நீன்னு எனக்குத் தெரியாது. அந்த அம்மாவைக் கண்டபடி திட்டினேன். அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போகட்டும், அம்மாகிட்ட சொல்லக்கூட வேணாம்னு சொன்னது நான்தான்டி. தெரிஞ்ச உடனே எழுந்து வந்துட்டேன்."

கணவர் மெல்ல உட்கார்ந்தார்.

"யாரோன்னு நெனச்சு என் பக்கம் பேசியிருக்க," என்றாள் வாலு.

"ஆமா."

"நான்தான்னு தெரிஞ்சுடுச்சு இல்ல? இப்போ சொல்லு. போகட்டுமா?"

டாக்டரம்மா கிளினிக் குரலைத் தேடினாள். அது வரவில்லை. அழுகையில் கம்மிப்போன தன் சொந்தக் குரல்தான் மிச்சம் இருந்தது.

வாலு பெட்டியைத் தரையில் வைத்தாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை.